நியூகேட் சிறைச்சாலை

நியூகேட் சிறைச்சாலை என்பது இங்கிலாந்தின் தலைநகரான இலண்டனில் 1188 ஆம் ஆண்டு முதல் 1902 ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ 700 ஆண்டுகள் இயங்கிய ஒரு சிறைச்சாலை ஆகும். இலண்டன் நகரின் கோட்டை மதிலில் இருந்த நியூகேட் என்னும் வாயிலின் அறைகளிலேயே இச்சிறை தொடங்கப்பட்டது. பின்னர் பல முறை விரிவாக்கப்பட்டும், தீக்கிரையாகியும், மீண்டும் கட்டப்பட்டும் வந்தது. இலண்டன் நகரம், மிடில்செக்ஸ் மாவட்டம் ஆகிய இரண்டிற்கும் இதுவே தலைமைச் சிறையாக விளங்கியது. 1783 ஆம் ஆண்டு முதல் இலண்டனின் தூக்குமேடையும் இதன் வாயிலிலேயே அமைந்திருந்தது. இச்சிறை இருந்த இடத்தில் தற்போது ஓல்டு பெய்லி என்று பரவலாக அழைக்கப்படும் மத்தியக் குற்றவியல் நீதிமன்றம் அமைந்துள்ளது.

நகர வாயில்

உரோமர்கள் இலண்டனை ஆண்ட காலத்தில் நகரைச் சுற்றிக் கல்மதில் எழுப்பி, முக்கிய சாலைகள் மதிலைக் கடக்கும் இடங்களில் வாயில்களை அமைத்தனர். மேற்குத் திசை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்த வாயிலே பிற்காலத்தில் நியூகேட் எனப் பெயர் பெற்றது. இப்பெயருக்குப் "புதிய வாயில்" என்பது பொருள். பெயர் இவ்வாறு இருப்பினும் அவ்விடத்தில் உரோமர் காலத்திலேயே வாயில் இருந்தது அகழாய்வுகளின் மூலம் உறுதி செய்யப்பட்டுள்ளது. லட்கேட், ஆல்டர்ஸ்கேட், கிரிப்பிள்கேட், பிஷப்ஸ்கேட், ஆல்ட்கேட் ஆகியவை இலண்டன் மதிலின் ஏனைய முக்கிய வாயில்கள் ஆகும்.

இடைக்கால நகர வாயில் ஒன்று வெறும் கதவாக மட்டும் இருக்கவில்லை. சாலையின் இருபுறமும் கோபுரங்களும், அவற்றை இணைத்துச் சாலைக்கு மேலே எழுப்பப்பட்ட அறைகளும் கொண்ட ஒரு சிறு கோட்டையாகவே அது இருந்தது. தடித்த சுவர்களும், சிறிய சாளரங்களும், இரவும் பகலும் காவலும் கொண்ட இக்கட்டடம் கைதிகளை அடைத்து வைப்பதற்கு ஏற்றதாக அமைந்தது. புதிய கட்டடம் எழுப்பும் செலவும் இதனால் குறைந்தது. இலண்டனில் நியூகேட் மட்டுமன்றி லட்கேட் வாயிலும் இவ்வாறே சிறையாகப் பயன்பட்டது.

சிறையின் தொடக்கம்

அரசர் இரண்டாம் ஹென்றி இங்கிலாந்தின் நீதி முறையில் பல மாற்றங்களைக் கொண்டு வந்தார். 1166 ஆம் ஆண்டில் பிறப்பிக்கப்பட்ட கிளாரண்டன் ஆணை, சிறை இல்லாத மாவட்டங்கள் அனைத்திலும் சிறைகளைக் கட்டுமாறு பணித்தது. அரசரின் நீதிபதிகள் ஊர் ஊராகச் சென்று வழக்குகளை விசாரித்தமையால், அவர்கள் வரும்வரை குற்றம் சாட்டப்பட்டவர்களைத் தப்பவிடாமல் வைத்திருக்க இடம் தேவைப்பட்டது. இம்மாற்றங்களின் தொடர்ச்சியாக 1188 ஆம் ஆண்டில் நியூகேட் வாயிலில் சிறை அமைக்கப்பட்டது. 1236 ஆம் ஆண்டில் அரசர் மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில் இது விரிவாக்கப்பட்டது.

அக்காலச் சிறைக்கும் இக்காலச் சிறைக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. இடைக்காலத்தில் சிறைவாசம் பொதுவாக ஒரு தண்டனையாகக் கருதப்படவில்லை. கசையடி, அபராதம், தூக்கு ஆகியவையே தண்டனைகளாக இருந்தன. விசாரணைக்குக் காத்திருப்போர், தூக்கிற்குக் காத்திருப்போர், கடனைச் செலுத்தும் வரை அடைக்கப்பட்டோர் ஆகிய மூவகையினரே சிறையில் பெரும்பாலும் இருந்தனர். அதாவது, சிறை என்பது காத்திருக்கும் இடமாகவே இருந்தது. ஆயினும் நியூகேட்டில் அவ்வாறு காத்திருந்தவர்களுள் பலர் விசாரணை நாள் வருவதற்கு முன்பே நோயால் இறந்தனர்.

1381 ஆம் ஆண்டு நடைபெற்ற உழவர் கிளர்ச்சியின்போது, வாட் டைலரின் தலைமையில் இலண்டனுக்குள் புகுந்த கிளர்ச்சியாளர்கள் நியூகேட் சிறையை உடைத்துக் கைதிகளை விடுவித்தனர்.

விட்டிங்டனின் கொடை

1419 ஆம் ஆண்டில், கடனாளிகளுக்கான லட்கேட் சிறை மிகவும் வசதியாக இருப்பதால் அங்குள்ளோர் கடனைச் செலுத்தாமலேயே தங்கிவிடுகின்றனர் என்று கூறி நகர நிர்வாகம் அச்சிறையை மூடியது. அங்கிருந்தவர்கள் நியூகேட்டிற்கு மாற்றப்பட்டனர். சில மாதங்களுக்குள்ளாகவே நியூகேட்டில் 60-க்கும் மேற்பட்டோர் நோயால் இறந்தனர். அதே ஆண்டில் மேயரான ரிச்சர்டு விட்டிங்டன் லட்கேட் சிறையை மீண்டும் திறக்கச் செய்தார்.

விட்டிங்டன் 1423 ஆம் ஆண்டில் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற செல்வத்தைக் கொண்டு நியூகேட் வாயிலும் சிறையும் முற்றிலுமாகப் புதிதாகக் கட்டப்பட்டன. பெண்களுக்குத் தனி அறைகள், வழிபாட்டுக்கூடம், குடிநீர் வசதி ஆகியன இப்புதிய கட்டடத்தில் இடம்பெற்றன.  இதனால் மக்கள் இச்சிறையை அவர் பெயரால் "விட்" என்றும் சுருக்கமாக அழைத்தனர். இக்கட்டடம் 1666 ஆம் ஆண்டின் இலண்டன் பெருந்தீயில் அழியும் வரை, இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தது. அதன் பின்னர் வாயில் 1672 ஆம் ஆண்டில் சிலைகளுடனும் அலங்கார வேலைப்பாடுகளுடனும் மீண்டும் கட்டப்பட்டது. வெளித்தோற்றம் எழிலாக இருந்தபோதிலும் உள்ளே இருந்த நிலைமை மாறவில்லை.

கட்டண முறை

நியூகேட் சிறையைப் புரிந்துகொள்ள அதன் பொருளாதாரத்தை அறிவது இன்றியமையாதது. சிறைக் காப்பாளர் பதவி விலைக்கு வாங்கப்படும் ஒன்றாக இருந்தது. அதில் இட்ட முதலைக் காப்பாளர் கைதிகளிடமிருந்தே ஈட்டினார். எனவே சிறையின் ஒவ்வொரு வசதிக்கும் ஒரு விலை இருந்தது.

* சிறைக்குள் நுழைவதற்கும், அதிலிருந்து வெளியேறுவதற்கும் கட்டணம் செலுத்த வேண்டும்.
* காலில் பூட்டப்படும் இரும்பு விலங்கை அகற்றவோ, எடை குறைந்த விலங்காக மாற்றவோ கட்டணம் உண்டு.
* படுக்கை, மெழுகுவத்தி, நிலக்கரி ஆகியவற்றிற்கும் பணம் தர வேண்டும்.
* சாராயமும் பீரும் சிறைக்குள்ளேயே விற்கப்பட்டன. இவ்விற்பனை காப்பாளரின் முக்கிய வருவாயாக இருந்தது.
* புதிதாக வருபவர் சக கைதிகளுக்கும் ஒரு தொகை தர வேண்டும். தர இயலாதவரின் மேலாடை பறிக்கப்பட்டு விற்கப்பட்டது.

சிறை இதற்கேற்பப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பெரும் பணம் படைத்தோர் வசதியான அறைகளை வாடகைக்கு எடுத்துக் குடும்பத்தினருடனும் பணியாளருடனும் தங்கினர். ஓரளவு பணம் உள்ளோர் கட்டணப் பகுதியில் இருந்தனர். ஏதும் இல்லாதோர் பொதுப் பகுதியில் கல்தரையில் படுத்து, நகர மக்கள் அளிக்கும் தருமத்தை நம்பி வாழ்ந்தனர்.

இம்முறையின் மிகக் கொடிய விளைவு விடுதலையின்போது வெளிப்பட்டது. நீதிமன்றம் ஒருவரைக் குற்றமற்றவர் என்று அறிவித்த பின்னரும், வெளியேறும் கட்டணத்தைச் செலுத்தாதவரை அவர் சிறையிலேயே வைக்கப்பட்டார். செய்யாத குற்றத்திற்காக அடைக்கப்பட்டு, அவ்வாறு அடைக்கப்பட்டதற்கான செலவையும் தாமே ஏற்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. சிறைச் சீர்திருத்தவாதியான ஜான் ஹவார்டு இங்கிலாந்தின் சிறைகள் பலவற்றில் இதனைக் கண்டு நாடாளுமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அதன் பயனாக 1774 ஆம் ஆண்டில், குற்றமற்றவர் எனத் தீர்ப்பளிக்கப்பட்டோரிடம் கட்டணம் பெறுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

சிறைக் காய்ச்சல்

நெரிசலும் அழுக்கும் நிறைந்த சிறையில் டைபசுக் காய்ச்சல் அடிக்கடி பரவியது. மக்கள் இதனைச் "சிறைக் காய்ச்சல்" என்று அழைத்தனர். உடலில் வாழும் பேன்களால் இந்நோய் பரவுகிறது என்பது 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கண்டறியப்பட்டது. அதுவரை துர்நாற்றம் கலந்த காற்றே நோய்க்குக் காரணம் என நம்பப்பட்டது.

1750 ஆம் ஆண்டில், நியூகேட்டிலிருந்து விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகளின் வழியே இந்நோய் அருகிலிருந்த ஓல்டு பெய்லி நீதிமன்றத்திலும் பரவியது. இலண்டன் மேயர், நீதிபதிகள் இருவர், வழக்குரைஞர்கள், ஜூரிகள் உட்பட 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கைதிகள் ஆண்டுதோறும் இறந்துகொண்டிருந்தபோது பெரிதாகக் கவனிக்கப்படாத சிக்கல், நீதிபதிகள் இறந்தபின்னரே அவசரச் சிக்கலாகக் கருதப்பட்டது. 1752 ஆம் ஆண்டில் அறிவியலாளர் ஸ்டீபன் ஹேல்ஸ் வடிவமைத்த காற்றோட்டக் கருவி நியூகேட்டில் பொருத்தப்பட்டது. வாயிலின் கூரைமேல் அமைக்கப்பட்ட காற்றாலையின் விசையால் இக்கருவி அறைகளிலிருந்த காற்றைக் குழாய்கள் வழியே வெளியேற்றியது. நோயின் உண்மையான காரணம் பேன் என்பதால் இதன் பயன் குறைவாகவே இருந்தது. துர்நாற்றத்தை விலக்குவதற்காக நீதிபதிகள் மூலிகைகளும் மலர்ச்செண்டுகளும் ஏந்தி அமரும் வழக்கமும் நிலவியது.

ஜூரிகளின் சிறைவாசம்

உலகச் சட்ட வரலாற்றில் முக்கியமான ஒரு நிகழ்வுடனும் நியூகேட் தொடர்புடையது. 1670 ஆம் ஆண்டில் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த வில்லியம் பென், வில்லியம் மீட் ஆகியோர் இலண்டன் தெருவொன்றில் சமயப் பேச்சு நிகழ்த்தியதற்காக ஓல்டு பெய்லியில் விசாரிக்கப்பட்டனர். நீதிமன்றம் எதிர்பார்த்தவாறு அவர்களைக் குற்றவாளிகள் எனக் கூற ஜூரிகள் மறுத்தனர். உணவும் நீரும் நெருப்பும் இன்றி இரவுகள் அடைத்து வைக்கப்பட்டும் அவர்கள் தம் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. இதனால் ஜூரிகள் ஒவ்வொருவருக்கும் அபராதம் விதிக்கப்பட்டு, அதனைச் செலுத்தும் வரை நியூகேட் சிறையில் அடைக்குமாறு ஆணையிடப்பட்டது.

எட்வர்டு பஷல் என்பவரும் வேறு சிலரும் அபராதம் செலுத்த மறுத்து, ஆட்கொணர்வு மனுவின் மூலம் மேல் நீதிமன்றத்தை அணுகினர். தலைமை நீதிபதி ஜான் வான், ஜூரிகளை அவர்களது தீர்ப்பிற்காகத் தண்டிக்க இயலாது என்று தீர்ப்பளித்தார். பஷல் வழக்கு என அறியப்படும் இத்தீர்ப்பு ஜூரிகளின் சுதந்திரத்திற்கு அடிப்படையாக அமைந்தது. இதனை நினைவுகூரும் கல்வெட்டு ஒன்று தற்போதைய ஓல்டு பெய்லி கட்டடத்தில் உள்ளது. வழக்கிலிருந்து மீண்ட வில்லியம் பென் பின்னர் அமெரிக்காவில் பென்சில்வேனியா குடியேற்றத்தை நிறுவினார்.

புதிய கட்டடமும் கோர்டன் கலகமும்

18 ஆம் நூற்றாண்டில் இலண்டனின் போக்குவரத்திற்கு நகர வாயில்கள் தடையாயின. 1760-61 ஆம் ஆண்டுகளில் பெரும்பாலான வாயில்கள் இடிக்கப்பட்டன. சிறையாகப் பயன்பட்டமையால் நியூகேட் மட்டும் மேலும் சில காலம் நீடித்தது. பின்னர் அதுவும் அகற்றப்பட்டு, அருகிலேயே புதிய சிறை ஒன்று கட்டப்பட்டது. 1770 ஆம் ஆண்டில் இதற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இளைய ஜார்ஜ் டான்ஸ் இதனை வடிவமைத்தார். தெருவை நோக்கிய பக்கத்தில் சாளரங்களே இல்லாத, சொரசொரப்பான பெருங்கற்களால் ஆன சுவர்களும், கதவுகளுக்கு மேல் செதுக்கப்பட்ட விலங்குச் சங்கிலிகளும் காண்போர் உள்ளத்தில் அச்சத்தை விளைவிப்பதற்காகவே அமைக்கப்பட்டவை ஆகும்.

கட்டுமானம் முடிவதற்குள்ளாகவே இக்கட்டடம் பேரழிவைச் சந்தித்தது. கத்தோலிக்கர்கள் மீதான சில தடைகளைத் தளர்த்திய 1778 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, ஜார்ஜ் கோர்டன் பிரபுவின் தலைமையில் 1780 ஆம் ஆண்டு சூன் 2 அன்று பெரும் பேரணி ஒன்று நடைபெற்றது. இது விரைவில் கலகமாக மாறியது. கைது செய்யப்பட்ட தம் தோழர்களை விடுவிக்குமாறு கோரிய கலகக்காரர்கள், சூன் 6 அன்று நியூகேட்டைத் தாக்கினர். காப்பாளரின் இல்லத்தில் இட்ட தீ சிறை முழுவதும் பரவியது. ஏறத்தாழ 300 கைதிகள் தப்பினர். கட்டடம் அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டது.

கலகத்தின் பின் கைது செய்யப்பட்ட கோர்டன் தேசத்துரோக வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார். எனினும் பின்னாளில் அவதூறு வழக்குகளில் தண்டிக்கப்பட்டு நியூகேட்டில் அடைக்கப்பட்ட அவர், 1793 ஆம் ஆண்டில் அங்கேயே சிறைக் காய்ச்சலால் இறந்தார்.

தூக்குமேடை

1783 ஆம் ஆண்டு வரை, நியூகேட் கைதிகள் தூக்கிலிடப்படுவதற்காக வண்டியில் ஏற்றப்பட்டு மேற்கே உள்ள டைபர்ன் என்னும் இடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டனர். வழிநெடுகிலும் கூட்டம் கூடியது. இவ்வூர்வலத்தால் ஏற்பட்ட குழப்பங்களைத் தவிர்க்கும்பொருட்டு, 1783 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் நியூகேட் சிறையின் முன்னால் உள்ள தெருவிலேயே தூக்குமேடை அமைக்கப்பட்டது. அக்காலத்தில் திருட்டு உள்ளிட்ட ஏராளமான குற்றங்களுக்கு மரண தண்டனை விதிக்கச் சட்டம் இடமளித்தது. 1902 வரை நியூகேட்டில் 1,100-க்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டனர்.

சிறைக்கு எதிரே உள்ள புனித செபல்கர் தேவாலயம் தொடர்பாக ஒரு வழக்கம் நிலவியது. 1605 ஆம் ஆண்டில் இராபர்ட் டவ் என்னும் வணிகர் அளித்த 50 பவுன் கொடையின்படி, தூக்கிற்கு முந்தைய நள்ளிரவில் தேவாலய ஊழியர் ஒருவர் மரண தண்டனைக் கைதியின் அறைக்கு வெளியே கைமணியை ஒலித்து, மனந்திரும்புமாறு கூறும் வரிகளைச் சொல்வார். அந்தக் கைமணி இன்றும் அத்தேவாலயத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

பொதுமக்கள் முன்னிலையில் தூக்கிலிடுவது குற்றங்களைக் குறைக்கும் என்று அரசு கருதியது. நடைமுறையில் அது ஒரு வேடிக்கை நிகழ்வாக மாறியது. எதிரே உள்ள வீடுகளின் சாளரங்கள் வாடகைக்கு விடப்பட்டன. கூட்டத்தில் பிக்பாக்கெட் திருட்டும் நடந்தது. 1807 ஆம் ஆண்டில் இரு கொலையாளிகளின் தூக்கைக் காணத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டுச் சுமார் 30 பேர் இறந்தனர். 1868 ஆம் ஆண்டு மே 26 அன்று மைக்கேல் பாரெட் நியூகேட்டின் முன் தூக்கிலிடப்பட்டதே இங்கிலாந்தில் பொதுமக்கள் முன்னிலையில் நிகழ்ந்த இறுதித் தூக்கு ஆகும். அதன் பின்னர் தூக்குகள் சிறை மதிலுக்குள் நிறைவேற்றப்பட்டன. தூக்கிலிடப்பட்டோர் சிறைக்கும் நீதிமன்றத்திற்கும் இடைப்பட்ட நடைபாதையின் கற்களுக்கு அடியில் புதைக்கப்பட்டு, சுவரில் அவர்களது பெயரின் முதலெழுத்து மட்டும் பொறிக்கப்பட்டது. விசாரணைக்குச் செல்லும் கைதிகள் அந்தப் பாதையின் வழியாகவே நடந்து சென்றனர்.

எலிசபெத் ஃபிரையின் பணி

1813 ஆம் ஆண்டில் எலிசபெத் ஃபிரை என்னும் குவேக்கர் பெண்மணி நியூகேட்டின் பெண்கள் பகுதியைப் பார்வையிட்டார். சில அறைகளுக்குள் பெரும் எண்ணிக்கையிலான பெண்களும் அவர்களது குழந்தைகளும் நெருக்கமாக அடைக்கப்பட்டிருந்தனர். விசாரணைக் கைதிகள், தண்டனைக் கைதிகள் என்ற வேறுபாடின்றி அனைவரும் ஒரே இடத்தில் சமைத்து, துவைத்து, வைக்கோலின் மேல் உறங்கினர்.

சில ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் வந்த ஃபிரை, சிறைக்குள் குழந்தைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1817 ஆம் ஆண்டில் பெண் கைதிகளின் மேம்பாட்டிற்காக ஒரு சங்கத்தையும் நிறுவினார். கைதிகளுக்குத் தையல் வேலை கற்பிக்கப்பட்டு, அவர்கள் செய்த பொருட்களுக்கு ஊதியம் வழங்கப்பட்டது. விதிகள் கைதிகளின் மேல் திணிக்கப்படவில்லை. அவை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டப்பட்டு, கைதிகளின் ஒப்புதலுடன் ஏற்கப்பட்டன. 1818 ஆம் ஆண்டில் ஃபிரை நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். பெண் கைதிகளைப் பெண் காவலர்களே மேற்பார்வையிட வேண்டும் என்பது இங்கிலாந்தில் சட்டமானதில் அவரது பணிக்குப் பெரும் பங்கு உண்டு. அவரது உருவப்படம் 2002 முதல் 2017 வரை இங்கிலாந்து வங்கியின் 5 பவுன் தாளில் இடம்பெற்றிருந்தது.

குறிப்பிடத்தக்க கைதிகள்

* கார்த்தூசியன் துறவிகள் - எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்தமையால் 1537 ஆம் ஆண்டில் இங்கு சங்கிலியால் பிணைக்கப்பட்டுப் பட்டினியால் இறந்தனர்.
* ஜான் ரோஜர்ஸ் - சீர்திருத்தத் திருச்சபைப் போதகர். முதலாம் மேரியின் ஆட்சியில் இங்கு அடைக்கப்பட்டு 1555 ஆம் ஆண்டில் எரிக்கப்பட்டார்.
* வில்லியம் கிட் - கடற்கொள்ளைக் குற்றத்திற்காக 1701 ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார்.
* டேனியல் டெஃபோ - அரசையும் திருச்சபையையும் எள்ளல் செய்து எழுதியமைக்காக 1703 ஆம் ஆண்டில் அடைக்கப்பட்டார். 1722 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது மோல் பிளாண்டர்ஸ் புதினத்தின் நாயகி நியூகேட்டில் பிறந்தவளாகப் படைக்கப்பட்டுள்ளாள்.
* ஜாக் செப்பர்டு - 1724 ஆம் ஆண்டில் நியூகேட்டிலிருந்து இருமுறை தப்பியவர். மீண்டும் பிடிபட்டு, அதே ஆண்டு நவம்பரில் 22 ஆம் வயதில் தூக்கிலிடப்பட்டார்.
* ஜான் பெல்லிங்கம் - பிரதமர் ஸ்பென்சர் பெர்சிவலைச் சுட்டுக் கொன்றவர். 1812 ஆம் ஆண்டில் தூக்கிலிடப்பட்டார்.

இலக்கியத்தில்

எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் நியூகேட்டை நேரில் பார்வையிட்டு எழுதிய கட்டுரை 1836 ஆம் ஆண்டில் அவரது முதல் நூலில் இடம்பெற்றது. ஆலிவர் டுவிஸ்ட், கிரேட் எக்ஸ்பெக்டேசன்ஸ் ஆகிய புதினங்களிலும் இச்சிறை வருகிறது. 1841 ஆம் ஆண்டில் வெளிவந்த பார்னபி ரட்ஜ், கோர்டன் கலகத்தில் நியூகேட் எரிக்கப்பட்டதை விரிவாகச் சித்தரிக்கிறது. நியூகேட் கைதிகளின் வாழ்க்கைக் கதைகளைத் தொகுத்த நியூகேட் காலண்டர் என்னும் நூல் 18, 19 ஆம் நூற்றாண்டுகளில் பல பதிப்புகளாக வெளிவந்து மக்களிடையே பெரிதும் பரவியிருந்தது.

மூடலும் இடிப்பும்

19 ஆம் நூற்றாண்டில் தனியறை முறையிலான புதிய சிறைகள் கட்டப்பட்டதால் நியூகேட்டின் தேவை குறைந்தது. 1850-களின் இறுதியில் இதன் உட்பகுதியும் தனியறைகளாக மாற்றப்பட்டது. 1882 ஆம் ஆண்டில் இது வழக்கமான சிறையாக இயங்குவது நிறுத்தப்பட்டது. அதன்பின் நீதிமன்ற அமர்வுகளின்போது விசாரணைக் கைதிகளை வைப்பதற்கும், தூக்குத் தண்டனையை நிறைவேற்றுவதற்கும் மட்டுமே பயன்பட்டது. 1902 ஆம் ஆண்டு மே மாதத்தில் இறுதித் தூக்கு நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டில் கட்டடத்தை இடிக்கும் பணி தொடங்கியது. 1903 ஆம் ஆண்டில் சிறையின் கதவுகளும் பிற பொருட்களும் ஏலத்தில் விற்கப்பட்டன. தூக்கு நிறைவேற்றும் இடம் வடக்கு இலண்டனிலுள்ள பென்டன்வில் சிறைக்கு மாற்றப்பட்டது.

சிறை இருந்த இடத்தில் எழுப்பப்பட்ட மத்தியக் குற்றவியல் நீதிமன்றத்தை 1907 ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று அரசர் ஏழாம் எட்வர்டு திறந்து வைத்தார். இந்திய விடுதலைப் போராட்ட வீரர்களான மதன்லால் திங்ரா 1909 ஆம் ஆண்டிலும், உத்தம் சிங் 1940 ஆம் ஆண்டிலும் இந்நீதிமன்றத்திலேயே விசாரிக்கப்பட்டனர். இருவரும் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்டனர்.

எஞ்சியுள்ளவை

நியூகேட் வாயிலோ சிறையோ இன்று இல்லை. எனினும் அவ்வாயில் வழியாகச் சென்ற சாலை நியூகேட் தெரு என்ற பெயருடன் உள்ளது. வாயில் நின்ற இடத்தைக் குறிக்கும் பலகை ஒன்று அங்கு வைக்கப்பட்டுள்ளது. அருகிலுள்ள ஆமென் கோர்ட் என்னும் பகுதியில் பழைய சிறைச் சுவர் ஒன்று எஞ்சியுள்ளது. சிறையின் கதவுகளுள் ஒன்று இலண்டன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது.